வேடத்தின் கண், மனிதரின் கண்

கதகளியின் அணியறையில் நடக்கும் பல செயல்களுள் பார்வையாளர் அறியாத ஒன்று உண்டு. முகத்தில் வண்ணம் தீட்டி முடித்து, சுட்டி உலர்ந்து, உடுப்பும் முடியும் அணிந்து மேடைக்குப் புறப்படும் தறுவாயில் நடிகர் தம் கீழ் இமையை மெல்ல இழுத்து, அதனுள் மிகச் சிறிய ஒரு பொருளை வைக்கிறார். சுண்டை இனத்துச் செடியொன்றின் பூவின் அடிப்பகுதியிலிருந்து எடுத்து, உள்ளங்கையில் நெடுநேரம் உருட்டிப் பதப்படுத்திய வித்து அது. மலையாளத்தில் அதைச் சுண்டப்பூ என்பர். சிறிது நேரத்தில் கண்ணின் வெண்பகுதி சிவக்கிறது. பச்சை வேடத்து நாயகனின் பார்வைக்கு ஒளியும், தாடி வேடத்து அசுரனின் பார்வைக்குக் கனலும் அந்தச் சிவப்பிலிருந்து கிடைக்கின்றன.

இந்தச் செயலில் கவனிக்கத் தக்கது வித்து மட்டுமன்று, அதைச் சூழ்ந்திருக்கும் ஒழுங்குமாகும். எந்தப் பூவை எடுப்பது, எவ்வளவு உருட்டுவது, கண்ணின் எந்த இடத்தில் வைப்பது, எப்போது எடுப்பது என்பனவற்றை மாணவர் ஆசானிடம் கற்கிறார். 1930இல் தொடங்கப்பட்ட கேரள கலாமண்டலம் போன்ற பயிற்சி நிலையங்களில் கண்ணுக்கென்றே தனிச் சாதகம் உண்டு. விடியுமுன் எழுந்து, கண்ணில் நெய்யிட்டு, விழியைப் பல திசைகளிலும் பல வேகங்களிலும் சுழற்றிப் பழகிய பின்னரே ஒருவர் மேடையேறுகிறார். கண்ணுக்குள் ஒன்றை வைப்பது கடைசிப் படி. அதற்கு முன் பல ஆண்டுகளின் படிகள் உள்ளன. அந்த வித்து முற்றிலும் தீங்கற்றது என்று வாதிட வேண்டியதில்லை. கண்ணுக்குள் வைக்கப்படும் பொருளுக்குப் பொறுப்பேற்க ஒருவர் இருந்தார் என்பதே இங்குக் கருதத் தக்கது.

இன்றைய கல்லூரி வளாகங்களில் அந்த ஒருவரைக் காணவில்லை. 2011இல் டில்லியில் தொடங்கிய காமிக் கான் இன்று பல நகரங்களில் நடைபெறுகிறது. நாகாலாந்தில் ஜப்பானிய அனிமே வேடங்களுக்கென்றே இளைஞர்கள் விழா எடுக்கின்றனர். தொழில்நுட்பக் கல்வி நிலையங்களின் கலைவிழாக்களில் காஸ்பிளே போட்டி வழக்கமான நிகழ்ச்சியாகிவிட்டது. நாடகக் குழுக்கள் பேய், யட்சி, அசுரன், பார்வையற்றவர், வேற்றுக்கோள்வாசி ஆகிய பாத்திரங்களுக்கு வண்ண லென்ஸை நாடுகின்றன. விழாவுக்குச் சில நாள்களுக்கு முன் இணைய அங்காடியில் ஒரு சோடி வரவழைக்கப்படுகிறது. குடுவையைத் திறந்து, காணொளி ஒன்றைப் பார்த்து, விடுதிக் குளியலறைக் கண்ணாடியின் முன் நின்று, வாழ்வில் முதன்முறையாக ஒரு மாணவர் தம் கருவிழியின் மீது ஒரு நெகிழித் தகட்டை ஒட்டிக்கொள்கிறார். சில மணி நேரத்தில் மேடையேற வேண்டும். உறுத்தினாலும் கழற்ற மனம் வராது.

சிறப்புத் தோற்ற லென்ஸ் அணிவது தவறன்று. அதை ஒப்பனைப் பொருளாகக் கருதுவதே தவறு. இந்த வேறுபாட்டை உணர்த்தும் கடமையை அணிபவரின் தலையில் மட்டும் சுமத்திவிட்டு, விழா எடுக்கும் நிறுவனங்களும் நாடகத் துறைகளும் விற்பனையை ஒழுங்குசெய்ய வேண்டிய அரசும் விலகி நிற்பது அதனினும் பெரிய தவறு.

கார்னியா எனப்படும் கருவிழிப்படலம் உடலின் பிற திசுக்களைப் போன்றதன்று. அதன் நடுப்பகுதியின் தடிமன் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர். ஒளி தடையின்றிச் செல்ல வேண்டும் என்பதற்காக அதில் இரத்தக் குழாய்கள் இல்லை. தனக்கு வேண்டிய ஆக்சிஜனின் பெரும்பங்கை அது கண்ணீரின் வழியே வெளிக்காற்றிலிருந்து நேரடியாகப் பெறுகிறது. அதன்மீது எதை வைத்தாலும் அந்த மூச்சுவழியின் குறுக்கே ஒரு திரையை இடுவதாகவே ஆகும். செக் வேதியியலர் ஓட்டோ விக்டெர்லே 1961இல் சிறுவர் கட்டுமான விளையாட்டுப் பொருள்களைக் கொண்டு வீட்டிலேயே ஒரு சுழல்கருவி அமைத்து மென்லென்ஸை வார்த்தெடுத்தார். நீரை உறிஞ்சி மென்மையாகும் அந்த ஹைட்ரோஜெல் கண்ணுக்கு இதமானது. ஆனால் இதமாக இருப்பது வேறு, ஆக்சிஜனைப் போதிய அளவு விடுவது வேறு.

ஹோல்டன், மெர்ட்ஸ் என்னும் ஆய்வாளர்கள் 1984இல் ஓர் அளவுகோலை முன்வைத்தனர். பகலில் மட்டும் அணியும் லென்ஸின் ஆக்சிஜன் ஊடுருவல் அளவு குறைந்தது 24 அலகும், அணிந்தபடியே உறங்குவதற்கு 87 அலகும் இருந்தாலன்றிக் கருவிழிப்படலம் வீங்கும் என்பது அவர்களது முடிவு. பின்வந்த ஆய்வுகள் இந்த எல்லையை இன்னும் உயர்த்தின. இன்று பார்வைக் குறைபாட்டுக்காக மருத்துவமனைகளில் பரிந்துரைக்கப்படும் சிலிகோன் ஹைட்ரோஜெல் லென்ஸ்கள் பல இந்த எல்லையை எளிதில் கடக்கின்றன. வேடத்துக்கான லென்ஸ்களில் பெரும்பாலானவையோ பழைய ஹைட்ரோஜெல்லால் ஆனவை. நிறமேற்றுவதற்காக அவை சற்றுத் தடித்தும், கண்ணைப் பெரிதாகக் காட்டுவதற்காக அகன்றும் இருப்பதுண்டு. திரை தடிக்கத் தடிக்கக் கருவிழிக்குக் கிடைக்கும் மூச்சு குறைகிறது.

இரண்டாவது இடர் பொருத்தத்தில் உள்ளது. ஒவ்வொருவரின் கருவிழி வளைவும் வேறு. மென்லென்ஸ்களின் அடிவளைவு பொதுவாக 8.3 முதல் 8.8 மில்லிமீட்டர் வரையிலும், விட்டம் 14 மில்லிமீட்டரை ஒட்டியும் அமையும். இறுக்கமான லென்ஸ் கண்ணில் அசையாது. கண்ணீர் அதன் அடியிற் புகுந்து கழிவை அடித்துச் செல்ல இயலாது. தளர்வான லென்ஸ் ஒவ்வோர் இமைப்பிலும் நழுவி மேற்புறச் செல்களை உராய்கிறது. இணையத்தில் விற்கப்படும் வேட லென்ஸ்களில் பல ஒரே அடிவளைவில் மட்டுமே வருகின்றன. எல்லாருக்கும் ஒரே அளவுச் செருப்பை விற்றால் வாங்குவோர் சிரிப்பர். லென்ஸில் அந்தச் சிரிப்பு எழுவதில்லை, ஏனெனில் அளவு என்ற ஒன்று அதற்கு உண்டென்பதே பலருக்குத் தெரியாது. கண்ணாடி அணிய வேண்டாத, பார்வைக் குறையற்ற மாணவருக்கும் லென்ஸ் அணியுமுன் கண் பரிசோதனை தேவைப்படுவது இதனாலேயே. பார்வையின் வலுவும் கருவிழியின் வடிவும் வெவ்வேறு செய்திகள்.

மூன்றாவது, நிறம். தரமான தயாரிப்பில் நிறமி லென்ஸின் அடுக்குகளுக்கிடையே பொதியப்பட்டிருக்கும். மலிவான தயாரிப்பில் அது மேற்பரப்பில் அச்சிடப்பட்டிருக்கலாம். மேற்பரப்பு சொரசொரப்பானால் இமையின் உட்புறமும் கருவிழியும் உராயும். பாக்டீரியாக்கள் ஒட்டிக்கொள்வதும் எளிதாகும். கடையில் குடுவையைப் பார்த்து இந்த வேறுபாட்டை யாராலும் அறிய முடியாது.

மேற்சொன்ன மூன்றும் கண்ணில் ஒரு சிறு கீறலையோ வீக்கத்தையோ உண்டாக்கி அத்துடன் நின்றால் கவலை பெரிதில்லை. நான்காவதான தொற்று அந்தக் கீறலின் வழியேதான் நுழைகிறது. சூடோமோனாஸ் என்னும் பாக்டீரியா ஓரிரு நாள்களிலேயே கருவிழிப்படலத்தை அரித்துவிட வல்லது. குழாய் நீரில் வாழும் அகாந்தமீபா என்னும் ஒருசெல் உயிரி மாதக்கணக்கில் வதைக்கும். குணமான பின்னும் புண்ணிருந்த இடம் வெண்தழும்பாக நிற்கும். அத்தழும்பு பாவையின் நேரே அமைந்துவிட்டால் பார்வை போய்விடும். பிரெஞ்சு மருத்துவர்கள் 2011இல் வெளியிட்ட பன்மைய ஆய்வொன்றில், அழகுக்காக லென்ஸ் அணிந்தோருக்குக் கிருமித்தொற்றுப் புண் ஏற்படும் வாய்ப்பு, பார்வைக்காக அணிந்தோரைவிட 16 மடங்குக்கு மேல் இருந்தது. நிறமி மட்டுமே இவ்வளவு பெரிய வேறுபாட்டைத் தோற்றுவித்துவிடாது. பார்வைக்காக லென்ஸ் அணிபவர் ஒரு பரிசோதனை அறையைக் கடந்து வருகிறார்; கழுவும் முறையை ஒருவர் அவருக்குச் சொல்லித் தருகிறார். அழகுக்காக அணிபவர் ஒரு பொத்தானை அழுத்தி வாங்குகிறார். வேறுபாட்டின் பெரும்பகுதியை இந்த இரு வழிகளுக்கும் இடையிலேயே தேட வேண்டும்.

இந்தியச் சூழல் இந்த இடரை மேலும் கூர்மையாக்குகிறது. 2015 முதல் 2019 வரை நடைபெற்ற தேசியப் பார்வையின்மைக் கணக்கெடுப்பில், 50 வயதுக்குட்பட்டோரின் பார்வையின்மைக்கு முதன்மைக் காரணமாகக் கருவிழி ஒளிபுகாமையே கண்டறியப்பட்டது. தானமாகக் கிடைக்கும் கருவிழிகளுக்கும் தேவைக்கும் இடையிலான இடைவெளி இந்நாட்டில் இன்னும் அடைபடவில்லை. வெப்பமும் ஈரமும் மிக்க இந்நிலத்தில் பூஞ்சைத் தொற்றுப் புண்கள் குளிர்நாடுகளைவிட மிகுதி. இத்துடன் ஒரு பழக்கமும் சேர்கிறது. கண் சிவந்தால் மருந்துக்கடையில் ஏதேனும் ஒரு சொட்டுமருந்தை வாங்கிவிடும் பழக்கம் அது. அந்தச் சொட்டில் ஸ்டீராய்டு இருந்தால் சிவப்பு தற்காலிகமாகத் தணியும், பூஞ்சையோ அடியில் வளரும். நோயாளி தேறிவிட்டதாக நம்பும் நாள்களிலேயே கண் கெடுகிறது.

2024 ஜூலையில் டில்லியில் ஒரு நிகழ்ச்சிக்காக லென்ஸ் அணிந்த இந்தித் தொலைக்காட்சி நடிகை ஜாஸ்மின் பாசின், கருவிழி பாதிக்கப்பட்டுக் கண்களைக் கட்டிக்கொண்டிருக்க நேர்ந்ததைத் தாமே செய்தியாளர்களிடம் தெரிவித்தார். வலி தொடங்கிய பின்னரும் அவர் நிகழ்ச்சியில் கறுப்புக் கண்ணாடியுடன் பங்கேற்று, அது முடிந்த பிறகே மருத்துவரிடம் சென்றார் என்பது அச்செய்தியில் சிந்திக்கத் தக்க பகுதி. ஒத்துக்கொண்ட நிகழ்ச்சியைப் பாதியில் விடக்கூடாது என்னும் கலைஞரின் அறம் பாராட்டுக்குரியது. ஆனால் கண்ணின் வலிக்கு அந்த அறம் தெரியாது. ஒரு தொழில்முறைக் கலைஞருக்கே அந்நேரத்தில் முடிவெடுப்பது கடினமென்றால், முதன்முறை மேடையேறும் 19 வயது மாணவரிடம் அந்த முடிவை விட்டுவைப்பது எவ்வகையில் நியாயம்?

ஆகவே தேர்விலிருந்தே தொடங்க வேண்டும். முதற்கேள்வி, லென்ஸ் வேண்டுமா என்பதே. கூர்ந்த பார்வையுடைய ஒருவர் பிரித்தறியக்கூடிய கோண அளவு பொதுவாக ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு. 12 மீட்டர் தொலைவில் அது ஏறத்தாழ 3.5 மில்லிமீட்டராகும். கண்ணில் தெரியும் நிறவளையத்தின் முழு விட்டமே 12 மில்லிமீட்டரை ஒட்டியது. பூனைக்கண் லென்ஸில் வரையப்படும் செங்குத்துக் கோடு இரண்டு மூன்று மில்லிமீட்டர் அகலமே உடையது. அதாவது, அரங்கின் பத்துப் பன்னிரண்டாம் வரிசையில் அமர்ந்தவருக்கு அந்தக் கோட்டின் வடிவம் தெரியப்போவதில்லை. அனிமே பாத்திரங்களின் கண்ணிலுள்ள நுண்சுழிகளுக்கும் இதே கணக்குத்தான். அண்மைக் காட்சியாகப் படம்பிடிக்கும்போது லென்ஸுக்குப் பொருள் உண்டு. பெரிய அரங்கின் மேடை நாடகத்துக்கு இமைமேல் மை, புருவத்தின் கோணம், ஒளியமைப்பு ஆகியவை அதைவிடப் பன்மடங்கு தொலைவு செல்லும். இக்கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்தாலே பாதிப் பேருக்கு லென்ஸ் தேவைப்படாது.

தேவைப்படுவோருக்கு அடுத்த கேள்வி, எவ்வகை லென்ஸ் என்பது. இந்தியர்களின் கண்கள் பெரும்பாலும் அடர்பழுப்பு. வெளிர்நிறக் கண்ணின் சாயலை மிகுவிக்கும் ஒளிகசியும் வண்ணங்கள் இக்கண்களில் தெரியா. ஒளிபுகா நிறம் வேண்டும். விளம்பரப் படத்தில் வெளிர்கண்ணின்மேல் காட்டப்படும் நிறத்தை நம்பி ஏமாந்து, ஒன்று போதாதென்று மற்றொன்றை வாங்குவோர் பலர். ஒளிபுகா லென்ஸில் பாவையின் நேரே ஒரு தெளிவான துளைவட்டம் விடப்பட்டிருக்கும். வெளிச்சத்தில் பாவை சுருங்கும்போது அது போதும். இருண்ட அரங்கில் பாவை விரிந்து அவ்வட்டத்தை மீறும்போது, பார்வையின் விளிம்பில் புகைமூட்டம் போன்ற வளையம் தோன்றும். பாவையையும் மறைக்கும் வலைப்பின்னல் லென்ஸும் முழுவெண்மை லென்ஸும் அணிபவரை ஏறத்தாழப் பார்வையற்றவராக்கும். படிக்கட்டு, மேடை விளிம்பு, தீப்பந்தம், வாட்போர் ஆகியவை உள்ள காட்சியில் அவற்றை அணிவது கண்ணை மட்டுமன்றிக் காலையும் கையையும் பணயம் வைப்பதாகும். அணிந்தபடி இருசக்கர வண்டி ஓட்டுவதைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை.

கண்ணின் வெண்பகுதியையும் மூடும், 22 மில்லிமீட்டர் அளவுள்ள முழுக்கண் லென்ஸ்கள் தனி வகை. திரைப்படங்களில் கண் முழுதும் கருத்த பேய்களைக் காட்டுவன அவையே. பெரும் படப்பிடிப்புத் தளங்களில் அவற்றை அணிவிக்கவும், காட்சிகளுக்கிடையே கழற்றவும், கண்ணைக் கவனிக்கவும் லென்ஸ் நிபுணர் ஒருவரை வைத்திருப்பது வழக்கம். திரையில் பேயின் கண் தெரிகிறது, நிபுணர் தெரிவதில்லை. படத்தைப் பார்த்து லென்ஸை மட்டும் வாங்குபவர் அந்த நிபுணரையும் உடன் வாங்க மறந்துவிடுகிறார். மாணவர் நாடகத்தில் முழுக்கண் லென்ஸுக்கு இடமே இல்லை என்று விதிப்பது கடுமையானதாகத் தோன்றலாம். எனினும் அதுவே நேர்மையான விதி.

வாங்கும் இடத்தில் கேட்க வேண்டியவை சிலவே. மருத்துவர் அல்லது ஆப்டோமெட்ரிஸ்ட் எழுதித் தந்த அளவு, அதாவது அடிவளைவு, விட்டம், வலு ஆகியவை, தயாரிப்பாளரின் பெயரும் முகவரியும், தொகுதி எண்ணும் காலாவதி நாளும், உடையாத முத்திரை. இவற்றுள் ஒன்று குறைந்தாலும் அப்பொருளை விட்டுவிட வேண்டும். ஒரே நாளில் அணிந்து எறியும் வகை கிடைக்குமாயின், ஆண்டுக்கு ஓரிரு முறை வேடமிடுபவருக்கு அதுவே தக்கது. ஓராண்டு லென்ஸ் மலிவென்று தோன்றும். ஆனால் ஓராண்டு என்பது குடுவையைத் திறந்த நாளிலிருந்து எண்ணப்படுவது, அணிந்த நாள்களைக் கொண்டன்று. சென்ற ஆண்டு விழாவுக்குத் திறந்து, பெட்டியில் கிடந்த லென்ஸை இவ்வாண்டு விழாவுக்கு எடுப்பது, ஓராண்டு தேங்கிய நீரைக் கண்ணில் ஊற்றுவதற்கு ஒப்பாகும்.

அணியும் நாளின் ஒழுங்கும் எளியதே. விழாவுக்கு முன்பே சில நாள் சிறிது சிறிது நேரம் அணிந்து பழக வேண்டும். முதல் அணிதல் மேடை நாளாக இருக்கலாகாது. கையைச் சோப்பிட்டுக் கழுவி, நூலுதிராத துணியில் முற்றிலும் உலர்த்த வேண்டும். தலைமுடிக்கான தெளிப்பானை முதலில் முடித்துவிட வேண்டும், அதன்பின் லென்ஸ், அதன்பின்னரே முகப்பூச்சும் மையும். கழற்றும்போது முதலில் லென்ஸ், பிறகே ஒப்பனை கலைப்பு. இமையின் உள்விளிம்பில் மை தீட்டுவதையும் உதிரும் மினுக்குத் தூளையும் தவிர்க்க வேண்டும். குழாய் நீர், போத்தல் நீர், எச்சில் ஆகிய எதுவும் லென்ஸைத் தொடலாகாது. சலைன் கழுவுமேயன்றிக் கிருமியைக் கொல்லாது. அதற்குரிய கரைசலே வேண்டும். பழைய கரைசலின்மேல் புதியதை ஊற்றி நிரப்பக்கூடாது. அணிந்தபடி உறங்குதல், நீந்துதல், ஹோலி வண்ணத்தில் இறங்குதல் ஆகியவை கூடா.

நாடகக் குழுக்களில் நிலவும் ஒரு வழக்கத்தைத் தனியே குறிப்பிட வேண்டும். ஒரே சோடி லென்ஸ் குழுவின் பொதுச்சொத்தாக இருந்து, ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் வேறொருவர் கண்ணேறுகிறது. உடையையும் முடியையும் பகிர்ந்துகொள்ளும் குழுவுக்கு இது இயல்பாகவே தோன்றும். ஆனால் லென்ஸைப் பகிர்வது ஒருவர் கண்ணின் கிருமியை மற்றவர் கண்ணுக்குக் கையளிப்பது. இவ்வழக்கம் சிக்கனத்தின் பெயராலும் நட்பின் பெயராலும் நடைபெறுகிறது. இரண்டுமே இதற்குச் சமாதானமாகா.

வலி, சிவப்பு, ஒளிக்கூச்சம், மங்கல், நீர்வடிதல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் லென்ஸை உடனே கழற்ற வேண்டும். கண்ணைக் கசக்கலாகாது. கழற்றிய பின்னும் தொல்லை தணியாவிட்டால் அன்றே கண் மருத்துவரைக் காண வேண்டும். மருந்துக்கடைச் சொட்டு கூடவே கூடாது. லென்ஸையும் அதன் பெட்டியையும் எறிந்துவிடாமல் எடுத்துச் செல்வது நல்லது. எந்தக் கிருமி என்பதை ஆய்வகம் அவற்றிலிருந்து கண்டறியக்கூடும்.

சட்டம் இதில் எங்கே நிற்கிறது? அமெரிக்கா 2005இல் சட்டமியற்றி, வலு உள்ளதாயினும் இல்லாததாயினும் எல்லாக் கான்டாக்ட் லென்ஸ்களையும் மருத்துவ சாதனமாக அறிவித்தது. பரிந்துரைச் சீட்டின்றி அங்கு வேட லென்ஸ் விற்பது குற்றம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2017ஆம் ஆண்டு மருத்துவ சாதன ஒழுங்குவிதி, மருத்துவ நோக்கமில்லாத சில பொருள்களையும் பட்டியலிட்டுத் தன் எல்லைக்குள் கொண்டுவந்தது. கண்ணில் வைக்கப்படும் லென்ஸ் அப்பட்டியலில் முதலிடம் பெறுகிறது. இந்தியாவில் 2017ஆம் ஆண்டின் மருத்துவ சாதன விதிகளும், 2020 பிப்ரவரியில் வந்த விரிந்த வரையறையும் பெரிய முன்னேற்றங்களே. ஆனால் அவ்வரையறை ஒரு பொருளின் நோக்கத்தை மையமாகக் கொண்டது. வலுவற்ற வேட லென்ஸை விற்பவர், தம் பொருளின் நோக்கம் மருத்துவமன்று, அழகே என்று சொல்ல இடமுண்டு. கருவிழிக்கோ அந்த நோக்கம் ஒரு பொருட்டன்று. ஒரே திசு, ஒரே தகடு, ஒரே இடர். ஆதலால், கண்ணின்மேல் வைக்கப்படும் எதுவும் நோக்கம் எதுவாயினும் மருத்துவ சாதனமே என்று ஐயத்துக்கிடமின்றி ஒரே வரியில் சொல்லுவதும், சீட்டின்றி விற்பதை இணைய அங்காடிகளுக்கும் சேர்த்துத் தடுப்பதும், அத்தடையை நடைமுறைப்படுத்துவதும் தேவை.

இதற்கு எதிராகச் சொல்லக்கூடிய வாதங்கள் மூன்று. எத்தனையோ பேர் அணிகிறார்கள், எல்லாருக்கும் கண் போய்விடுவதில்லையே என்பது முதலாவது. உண்மைதான். தலைக்கவசமின்றி வண்டி ஓட்டிய எத்தனையோ பேரும் வீடு சேர்ந்திருக்கிறார்கள். தவிர்க்க எளிதானதும், நேர்ந்தால் மீட்கமுடியாததுமான இழப்பைச் சராசரிக் கணக்கில் கரைத்துவிடக்கூடாது. இரண்டாவது, வயதுவந்தவரின் உடல் அவருடையது, அதில் நிறுவனம் தலையிடலாகாது என்பது. தன்னுரிமை என்பது அறிந்து தேர்வது. அளவும் பொருளும் இடரும் மறைக்கப்பட்ட ஒன்றை வாங்குவது தேர்வன்று, ஏமாற்றப்படுதலே. மூன்றாவது, செலவு. இதுவே வலுவான வாதம். மாணவரிடம் பணம் குறைவு. பரிசோதனையும் தரமான லென்ஸும் சேர்ந்தால் வேடத்தின் செலவில் பாதியை விழுங்கிவிடும். இதற்கு விடை மலிவான லென்ஸன்று. செலவைத் தனி மாணவரிடமிருந்து விழாக் குழுவிடம் மாற்றுவதே விடை. ஒலிபெருக்கிக்கும் வண்ண விளக்குக்கும் பணம் ஒதுக்கும் குழுவுக்கு, லென்ஸ் அணியப்போகும் நான்கைந்து பேரை அருகிலுள்ள கண் மருத்துவமனைக்கு அனுப்புவது பெருஞ்சுமையாகாது.

வளாகங்கள் நாளையே செய்யக்கூடியவை உள்ளன. வேடப் போட்டியின் விண்ணப்பப் படிவத்தில் லென்ஸ் அணிகிறீரா என்று ஒரு கேள்வி. ஆம் எனில் கண் பரிசோதனைச் சீட்டின் நகல். ஒப்பனை அறையில் சோப்பு, உலர்ந்த தாள்கைத்துடைப்பு, உரிய கரைசல், நல்ல வெளிச்சம். முழுக்கண் லென்ஸுக்கும் பாவையை மறைக்கும் லென்ஸுக்கும் மேடையில் தடை. லென்ஸுக்கென்று தனி மதிப்பெண் இல்லை என்ற அறிவிப்பு. கடைசியாக, வலி வந்தால் இடையில் விலகுபவர் தகுதி இழக்கமாட்டார் என்ற உறுதி. இக்கடைசி விதி சிறியதாகத் தோன்றினாலும், மேற்சொன்ன அனைத்திலும் மிகுதியான கண்களைக் காப்பது இதுவாகவே இருக்கும். வலியைப் பொறுத்துக்கொள்ளத் தூண்டுவது பெரும்பாலும் போட்டிதான். 2021ஆம் ஆண்டின் தேசிய இணை மருத்துவத் தொழிலர் ஆணையச் சட்டம் ஆப்டோமெட்ரிஸ்ட்டுகளைத் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. அப்படிப்பை நடத்தும் கல்லூரிகள் பல நகரங்களில் உள்ளன. அவற்றின் மாணவர்களும் நாடகத் துறை மாணவர்களும் விழாவுக்கு முன் ஒரு மாலைப்பொழுது கூடினால் இருவருக்கும் அது பாடமாகும்.

கண்ணைத் தொடாமலே கண்ணை மாற்றும் கலை இந்நாட்டில் வறியதன்று. வடமலபாரின் தெய்யங்கள் சிலவற்றில் ஆடுவோர் நுண்துளையிட்ட உலோகக் கண்மூடிகளை அணிகின்றனர். விளக்கொளியில் அவை தெய்வத்தின் இமைக்காத விழியாகின்றன. உள்ளே மனிதரின் கண் காற்றோட்டத்தில் இருக்கிறது. புருலியாவின் சௌ முகமூடியில் அகன்று நீண்ட கண் வரையப்பட்டிருக்க, ஆடுபவர் சிறுதுளையின் வழியே பார்த்துத் துள்ளிக் குதிக்கிறார். யட்சகானத்தின் அரக்க வேடத்தில் கண்ணைச் சுற்றி எழும்பும் வண்ணக் கோடுகளே பார்வையைப் பன்மடங்கு பெரிதாக்குகின்றன. இம்மரபுகள் அண்மைக் காட்சிக் கேமராவுக்காகப் பிறந்தவை அல்ல. திறந்த வெளியில், தீவட்டி வெளிச்சத்தில், தொலைவில் நிற்கும் கூட்டத்தின் கடைசி மனிதரையும் அஞ்சவைக்கப் பிறந்தவை. வேட வடிவமைப்பைக் கற்கும் மாணவர் லென்ஸ் பட்டியலைப் புரட்டுமுன் இவற்றைப் புரட்டுவது பாதுகாப்புக்காக மட்டுமன்று, கலைக்காகவும் பயன்படும்.

கதகளி நடிகர் ஆட்டம் முடிந்து முடியைக் கழற்றி, சுட்டியை உரித்து, எண்ணெயிட்டு முகத்தைத் துடைத்து, கீழ் இமையிலிருந்து அந்த வித்தையும் எடுத்துவிடுகிறார். அசுரன் அணியறையில் தங்கிவிட, மனிதர் தம் கண்ணோடு வீடு திரும்புகிறார். வேடம் புனைவதன் பொருளே பிறகு அதைக் கழற்றிவிட முடியும் என்பதில் இருக்கிறது. ஓர் இரவின் வேடத்துக்காக ஒரு தழும்பை ஆயுள் முழுதும் அணிய நேருமாயின், அது வேடமாக இருப்பதை விட்டுவிடுகிறது. அடுத்த விழாவுக்கான சுற்றறிக்கை எழுதப்படும்போது, பரிசுத்தொகை குறித்த வரிக்கு முன் கண்ணைக் குறித்தும் ஒரு வரி இடம்பெறட்டும்.